மாபுலெங் மண்டியிட்ட குழி

எங்கள் ஹா ரலேபோ ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் தெபேக்காக வெட்டிய குழி, அவன் மனைவி மாபுலெங் உள்ளே இறங்கி மண்டியிட்டு ஜெபித்த ஒவ்வொரு வியாழக்கிழமையும் இன்னும் ஒரு சாண் ஆழமானது. மண்வெட்டி பட்டதில்லை. உள்ளிருந்து மண் வெளியே வந்ததும் இல்லை. அந்த வருஷம் லெசோத்தோ முழுக்க மக்காச்சோள மாவு விலை ஏறியது, எங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தகரக் கூரை வந்தது, ஊர்த் தலைவரின் குதிரை இரட்டைக் குட்டி போட்டது, இதுவும் நடந்தது. வெளியூர்க்காரர்கள் இதை மட்டும் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். குதிரையைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

தெபே எல்லைக்கு அந்தப் பக்கம் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தான். எங்கள் ஊரில் மீசை முளைத்தவர்களில் பாதிப் பேர் அங்கேதான் பார்த்தார்கள். மழைக்காலத் தொடக்கத்தில் கல்யாணம் செய்துகொண்டான்; ஊர் வழக்கப்படி புகுந்த வீட்டார் மணப்பெண்ணுக்குப் புதுப்பெயர் வைத்தார்கள். மாபுலெங் என்றால் புலெங்கின் தாய். பிறக்கப்போகும் முதல் குழந்தைக்குப் புலெங் என்று பெயர் முடிவாகிவிட்டது, தாய் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு திரிய வேண்டியது, குழந்தை வந்து வாங்கிக்கொள்ள வேண்டியது. மாமியாரின் பெயர் மாதெபே என்பதும் இப்படித்தான், மூத்தவன் தெபே பிறப்பதற்கு முன்பே வந்தது. கிறிஸ்துமஸ் விடுப்புக்கு வந்துபோனான் தெபே. அறுவடைக்கு ஆள் சேர்க்கிற நேரத்தில் சுரங்கத்துக்குள் தீப்பிடித்தது என்று சேதி வந்தது. அப்போது மாபுலெங்குக்கு வயிறு தெரியத் தொடங்கியிருந்தது.

சனிக்கிழமை உடல் வந்துவிடும் என்று கம்பெனியிலிருந்து ஆள் வந்து சொன்னார். வீட்டில் ஓர் அறையைக் காலி செய்து, தரையில் மெத்தை போட்டு, மாபுலெங்கை அதில் உட்காரவைத்தார்கள். அடக்கம் முடியும்வரை விதவை அந்த மெத்தையை விட்டு எழுந்திருக்கக் கூடாது. வெள்ளி மாலையில் தெபேயின் தம்பி லெஃபாவும் மற்ற ஆண்களும் குழி வெட்டத் தொடங்கி, கோழி கூவுவதற்குள் முடித்தார்கள். மாடும் அறுத்தாயிற்று. சனிக்கிழமை லாரி வந்தது, கம்பெனி ஆளும் வந்தார், பெட்டி வரவில்லை. தீ அணையவில்லை, உள்ளே இருந்தவர்களோடு அந்தப் பகுதியைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டோம், இனி யாரையும் எடுக்க முடியாது என்று தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னார். கொடுத்த தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

வெட்டிய குழியைத் திறந்துபோட்டால் அது வேறொருவரைக் கூப்பிடும். எங்கள் ஊரில் இதைத் தெரியாதவர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் தெரியும். அதனால் மாதெபே மகன் கல்யாணத்தன்று போட்டிருந்த கோட்டை எடுத்து, இதைப் பெட்டியில் வைத்துப் புதைத்துவிடலாம் என்றாள். ஊரும் சரி என்றது. மெத்தையில் இருந்தவள்தான் மறுத்தாள்.

"கோட்டைப் புதைச்சா கோட்டுக்குத்தான் கல்லறை, அத்தை. அவருக்கு எங்க?"

"நீ யாருடி அவனுக்கு? நாலு நாள் களி கிண்டிப் போட்டவ. நான் பெத்தவ. எனக்கு அழணும்டி. போய் உக்காந்து அழ ஒரு இடம் வேணும்."

"அழுங்க அத்தை. மூட மட்டும் வேணாம். அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து விடுன்னு ஆண்டவர்கிட்ட கேட்டிருக்கேன். கேட்டுட்டு, வர்றதுக்குள்ள கதவைச் சாத்துனா என்ன அர்த்தம்?"

மாதெபே அந்தக் கோட்டை மருமகளின் மடியில் எறிந்துவிட்டுப் போனாள். அதன்பின் பல வருஷம் அவளோடு பேசவில்லை. இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டில் அது எளிதான காரியம் இல்லை. உப்பு வேண்டுமென்றால் பூனையிடம் கேட்பாள்.

எங்கள் பக்கத்துச் சபைகளில் வியாழக்கிழமை பெண்களின் ஜெப நாள். கறுப்புப் பாவாடை, வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு எல்லோரும் ஒரே நேரத்தில் மண்டியிட்டு, ஒரே நேரத்தில் சத்தமாக, அவரவர் பாரத்தை அவரவர் சொல்வார்கள். அடுத்த வியாழக்கிழமை மாபுலெங் மெத்தையை விட்டு எழுந்தாள், சீருடை போட்டாள், கோயிலைத் தாண்டி நடந்து, குழிக்குள் இறங்கி மண்டியிட்டு, உரக்க ஜெபித்தாள். முடிந்ததும் கைகொடுக்கப் போன லெஃபாதான் முதலில் கவனித்தான். வெட்டியவன் அவன், உள்ளே நின்றால் விளிம்பு மார்புக்கு வரும் என்று அவனுக்குத் தெரியும். இப்போது கழுத்துக்கு வந்தது.

போதகர் பிட்சோ நல்ல மனிதர், சளித் தொல்லை உள்ளவர். அவர் குழியின் விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எடுத்துச் சொன்னார்.

"ஜெபம் மேல போறதும்மா. நீ ஏன் கீழ அனுப்புற? பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"ஆண்டவர் மேல மட்டுந்தான் இருக்காரா, ஐயா?"

"எல்லா இடத்துலயும் இருக்கார். அது வேற விஷயம்."

"மேல மட்டும்னா, என் வீட்டுக்காரர் கூட இப்ப யாரு இருக்கா? அதை மட்டும் சொல்லுங்க, ஏறி வந்துடுறேன்."

போதகருக்கு இருமல் வந்துவிட்டது. இருமி முடித்து, சபை மூப்பர்களைக் கலந்துகொண்டு வருகிறேன் என்று போனார். இன்னும் கலந்துகொண்டு வரவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் பனி கொட்டியது, ஆடுகள் நிறையச் செத்தன. புலெங் குறைமாதத்தில் பிறந்து, அழாமலே போனாள். பெண் குழந்தை, தலைநிறைய முடி. மருத்துவம் பார்த்த பெண் ஒரு துணியில் சுற்றிக் கொடுத்ததை மாதெபே வாங்கிப் போய், பீச் மரத்தடியில் புதைத்தாள். மருமகளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லத் தெரியவும் இல்லை. பெயர் மட்டும் தாயிடமே தங்கிவிட்டது. தண்ணீர் எடுக்கப் போனாலும், மாவு அரைக்கப் போனாலும், ஊரே அவளைப் புலெங்கின் தாயே என்றுதான் கூப்பிட்டது. வேறு எப்படிக் கூப்பிட முடியும். ஒவ்வொரு தடவையும் அவள் திரும்பிப் பார்த்தாள்.

அந்த வாரம் அவள் வரமாட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வந்தாள். பனியைக் காலால் தள்ளிவிட்டு இறங்கி மண்டியிட்டாள், வாயைத் திறக்கவில்லை. லெஃபா மேலே காத்து நின்றான். உள்ளிருந்து ஒரு சத்தமும் வராததால் பயந்து, "அண்ணி, ஜெபம் பண்றீங்களா, இல்ல விழுந்துட்டீங்களா?" என்று கேட்டான்.

"வார்த்தை வரல, லெஃபா. சும்மா உக்காந்திருக்கேன். ஆண்டவரும் சும்மாதான் இருக்கார்."

அன்றைக்குத்தான் குழி ஒரே மூச்சில் ஓர் ஆள் உயரம் இறங்கியது. அண்ணியைத் தூக்க நீளமான ஏணி தேடி அவன் ஊருக்குள் ஓட வேண்டியதாயிற்று.

மழைக்காலத்தில் ஆலங்கட்டி விழுந்து சோளப் பயிர் முழுவதும் படுத்தபோது, ஊர் திறந்து கிடந்த குழியைத்தான் குற்றம் சொன்னது. பெண்கள் ஜெபக் குழுவின் தலைவி மாமோசா, உரத்த குரலும் அகலமான தோளும் உள்ளவள், நேரே வந்து மாபுலெங்கின் தலையிலிருந்த வெள்ளைத் தொப்பியைக் கழற்றினாள். "இதைப் போட்டுக்கிட்டு சவக்குழியில உக்காந்தா எங்களுக்குத்தான் கேவலம். மூடிட்டு வா, தர்றேன்" என்றாள். மாபுலெங் சண்டை போடவில்லை. அடுத்த வியாழன் தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். ஆண்கள் மாட்டு வண்டிகளில் மண் கொண்டுவந்து கொட்டினார்கள். சாயங்காலம் வரை கொட்டி மட்டம் தட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையில் குழி பழைய ஆழத்தில் இருந்தது, உள்ளே ஒரு கைப்பிடி மண் அதிகமில்லை. இன்னும் இரண்டு முறை கொட்டிப் பார்த்தார்கள். பிறகு மறுவிதைப்பு வந்துவிட்டது, வண்டிகள் வயலுக்குத் தேவைப்பட்டன, அந்தப் பேச்சு அதோடு நின்றது.

லெஃபாவும் ஒரு தவறு செய்தான். அண்ணியைப் பார்க்கப் பொறுக்காமல், அவளுக்குத் தெரியாமல் கடப்பாரையோடு இறங்கி நாள் முழுக்க வெட்டினான். அந்த வாரம் குழி ஒரு முழம் மேலே ஏறிவிட்டது. மாபுலெங் அடியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "யாரு இது, இடையில கை வச்சது?" என்று மட்டும் கேட்டாள். அவன் ஒரு மாதம் அவள் எதிரில் வரவில்லை. வந்தபோது, தானும் முன்பு சுரங்கத்தில் கற்ற வேலையையெல்லாம் கையோடு கொண்டுவந்தான். பாப்ளர் மரம் வெட்டிச் சுவர்களுக்கு முட்டுக் கொடுத்தான். மேலே உருளை வைத்து, கயிறு கட்டி, இழுக்க இரண்டு எருதுகளை நிறுத்தினான். தலைவிளக்கைத் துடைத்துக் கொடுத்தான். மணியும் கட்டினான்: ஒரு அடி அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் இறக்கு, மூன்று அடித்தால் தூக்கு. நெஞ்சு கெட்டுச் சுரங்கத்திலிருந்து திரும்பிய கிழவர்களெல்லாம் வெயில் காய அங்கே வந்து உட்கார்ந்து, முட்டு சரியில்லை, கயிறு சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தச் சுரங்கம் பஸ்ஸுல ஒரு நாள் தூரம். இவ நேரா கீழ போறா. எப்படிடா போய்ச் சேருவா?" என்று அவர்களில் ஒருவர் கேட்டார்.

"போய்ச் சேர வேண்டியது அவ பாடு. நீ பேசாம கயித்தைப் புடி" என்றார் இன்னொருவர்.

இப்படியே வருஷங்கள் போயின. வாரம் ஒரு சாண் இறங்கியது முழமாயிற்று, பிறகு ஆள் உயரமாயிற்று. பிறந்த வீட்டார் அவளை அழைத்துப் போக வந்து, களி தின்று, தனியாகத் திரும்பினார்கள். விதவைக்குப் போர்த்துகிற கறுப்புத் துணி மடித்தபடி பெட்டிக்குள் கிடந்தது. அடக்கம் நடக்காததால் அவள் விதவையும் இல்லை, தினம் வாசலைப் பார்ப்பதால் மனைவியாகவும் நிம்மதி இல்லை. கல்யாணங்களில் அவளை எந்த வரிசையில் உட்காரவைப்பது என்று தெரியாமல் கடைசியில் சமையல் பக்கம் அனுப்பினார்கள். முடி நரைத்தது, முழங்கால்கள் காய்ப்புக் காய்த்தன. பிற்பாடு வியாழக்கிழமை ஜெபத்துக்குச் செவ்வாய்க்கிழமையே இறங்கத் தொடங்க வேண்டியிருந்தது. கயிறு போதாமல் போனபோது மாமோசாவே வந்து பார்த்தாள். விளிம்பில் நின்று கீழிருந்து வந்த ஜெபத்தைக் கேட்டாள். மறுவாரம் முதல் ஜெபக் குழுப் பெண்கள் புல் கொண்டுவந்து, ஜெபித்துக்கொண்டே கயிறு திரித்தார்கள். ஒருநாள் களியும் கீரையும் போகிற வாளியில், மடித்துக் கஞ்சி போட்ட வெள்ளைத் தொப்பி ஒன்றும் கீழே போயிற்று. மேலே வந்த வாளியில் அது இல்லை.

வறட்சி வந்த ஆண்டில் கீழிருந்து சூடான காற்று வீசத் தொடங்கியது. கிழவர்கள் மூக்கை உறிஞ்சிப் பார்த்து, பாறை, வெடிமருந்து, மனித வியர்வை என்று சொல்லிவிட்டு, தொப்பிகளைக் கழற்றினார்கள். அந்த வியாழக்கிழமை மணி மூன்று முறை அடித்தது. எருதுகளை ஓட்டினார்கள். மாபுலெங் முதுகில் ஓர் ஆளைக் கம்பளியால் கட்டிக்கொண்டு வந்தாள், எங்கள் பெண்கள் குழந்தையைக் கட்டுகிற மாதிரி. ஊர் ஓடி வந்தது. எல்லோருக்கும் முன்னால் வந்தவள் மாதெபே, கிழவி விழுந்து எழுந்து வந்தாள். அருகில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்தாள்.

இத்தனை ஆண்டு கழித்து முகம் எப்படி இருந்தது என்று கேட்கிறவர்கள் உண்டு. முகம் இருந்தது, கழுவ முடிந்தது. அதற்கு மேல் நாங்கள் பேசுவதில்லை.

"இது என் புள்ள இல்ல" என்றாள் மாதெபே.

மாபுலெங் கிழவியின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "இவர் வழியில கிடந்தார், அத்தை. அவர் இன்னும் உள்ள, ரொம்ப உள்ள. இவரைத் தாண்டிப் போகப் பார்த்தேன். கால் வரல."

பல வருஷம் கழித்து மாமியார் மருமகளிடம் நேராகப் பேசினாள் என்பதே அப்போது ஒருவருக்கும் உறைக்கவில்லை. கிழவி அந்த மனிதனுடைய நெற்றியிலிருந்த தூசியைத் தன் போர்வை நுனியால் துடைத்தாள். "எவ பெத்து வச்சுட்டு எங்க உக்காந்து காத்திருக்காளோ" என்றாள். "என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? போடி, தண்ணி கொண்டா. சுடவச்சுக் கொண்டா."

அதன்பின், தீப்பிடித்த நாளில் தெபேயோடு வேலைக்கு இறங்கியவர்களை மாபுலெங் ஒவ்வொருவராகக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு தடவையும் மாதெபே ஓடி வந்தாள், ஒவ்வொரு தடவையும் முகத்தைப் பார்த்தாள், என் பிள்ளை இல்லை என்றாள், உட்கார்ந்து கழுவினாள். மணிக்கட்டில் இருந்த தகட்டு எண்ணை வைத்து லெஃபா விசாரித்துச் சேதி அனுப்பினான். மொசாம்பிக்கிலிருந்து, சுவாசிலாந்திலிருந்து, கடலோர மலைகளிலிருந்து பெண்கள் பஸ் மாறி மாறி வந்தார்கள். சிலர் வேறு கல்யாணம் செய்துகொண்டிருந்தார்கள், அந்தப் புருஷன்மாரே கூட வந்து பெட்டியைத் தூக்கினார்கள். அவர்கள் பேசியது எங்களுக்குப் புரியவில்லை, அழுதது புரிந்தது. கம்பெனியிலிருந்தும் ஓர் இளைஞர் வந்து குழியை எட்டிப் பார்த்தார். கம்பெனி அடைத்த சிமெண்ட் உடையவில்லை, ஆகவே யாரும் வெளியே வந்திருக்க வாய்ப்பில்லை என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார். பாவம், அவரும் தேநீரைக் குடித்து முடிக்கவில்லை.

மாதெபே அடுத்த பனிக்காலத்தைத் தாண்டவில்லை. இன்னும் ஒரே ஒருவன்தான் பாக்கி என்று தெரிந்த வாரத்தில் படுத்தாள். மருமகள் மெத்தையோரம் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் பொறுங்க அத்தை, வந்துடுவார், கிட்டத்துல போயிட்டேன் என்று கெஞ்சினாள். கிழவி அவளுடைய காய்ப்பேறிய முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எல்லாரையும் கழுவினேன். அவனை மட்டும் விட்டுட்டுப் போறேன். நீ கழுவு. காதுக்குப் பின்னாடி மறந்துடாத. சின்னப் புள்ளையில இருந்தே அங்க அழுக்கு நிக்கும் அவனுக்கு."

மருமகள் தலையாட்டினாள்.

"புலெங்குக்கு முடி உன்னை மாதிரி" என்றாள் கிழவி. "அப்பவே சொல்லியிருக்கணும். சொல்லல."

ஞாயிற்றுக்கிழமை அவளை அடக்கம் செய்தோம். செவ்வாய்க்கிழமை மாபுலெங் இறங்கினாள்.

வியாழக்கிழமை மணி வெகுநேரம் அடிக்கவில்லை. மேலே பெண்கள் அனைவரும் கூடி, கயிற்றைப் பிடித்தபடி மண்டியிட்டிருந்தார்கள். போதகர் பிட்சோவும் இருமலை அடக்கிக்கொண்டு மண்டியிட்டார். பிறகு மணி மூன்று முறை அடித்தது. எருதுகள் இழுக்காமலே கயிறு தளர்ந்துகொண்டு வந்தது, ஏனென்றால் குழியின் அடித்தரையே அவளையும் அவள் முதுகில் இருந்த தெபேயையும் சுமந்துகொண்டு மெல்ல மேலே ஏறி வந்தது. லெஃபா முதன்முதலில் வெட்டிய அதே ஆழத்தில், மார்பளவில், வந்து நின்றது. போதகர் கைநீட்டினார். அவள் உடனே ஏறவில்லை.

"ஐயா, நான் உசிரோட குடுன்னுதான் கேட்டேன். முதல் நாள்ல இருந்து அதைத்தான் கேட்டேன், ஒரு வாரம்கூட மாத்திக் கேட்கல. குடுத்தது இது. வாங்கிக்கிட்டேன்."

போதகர் அழுதார்.

அவளே கழுவினாள். காதுக்குப் பின்னால் இரண்டு தடவை கழுவினாள். அந்தக் கல்யாணக் கோட்டைப் போட்டுவிட்டாள், கை கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. அறையைக் காலி செய்து, மெத்தை போட்டு அவளை உட்காரவைத்தோம். கறுப்புத் துணியைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது மடிப்பு விழுந்த இடமெல்லாம் வெளுத்திருந்தது. அந்தக் குழியில்தான் தெபேயை வைத்தோம், அளவு சரியாக இருந்தது. மூடிய மண் மூடியபடி நின்றது. அன்றைக்குத்தான் மாபுலெங் முதன்முதலாக ஊர் கேட்க, தரையில் புரண்டு அழுதாள். மாமோசா தன் அகலமான தோளால் அவளைத் தாங்கிக்கொண்டு, அழவிட்டாள்.

துக்கம் கழித்துக் கறுப்புத் துணியை எடுத்த வாரம், மாபுலெங் வெள்ளைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்து, மற்றப் பெண்களோடு மண்டியிட்டாள். அன்றைக்கு ஒருவராலும் ஒழுங்காக ஜெபிக்க முடியவில்லை. எல்லோரும் அரைக்கண்ணால் அவள் முழங்காலுக்குக் கீழே இருந்த சிமெண்டுத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தரை தரையாகவே இருந்தது, ஒரு நூல் இறங்கவில்லை. மற்றவர்கள் எழுந்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் என்னடி கேக்கற?" என்றாள் மாமோசா.

"எதுவும் கேக்கலைக்கா. ஆண்டவர்கிட்ட பேசிக்கிட்டிருக்கேன். அவ்வளவு ஆழம் என் கூடவே இறங்கி வந்தவர். வேலை முடிஞ்சுதுன்னு பேசாம இருந்தா நல்லாவா இருக்கும்?"

மாமோசாவும் மறுபடி அவள் பக்கத்தில் மண்டியிட்டாள். இருவரும் முடித்து வெளியே வந்தபோது தூறல் போட்டது. தொப்பிகளைக் கழற்றி மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, கல்லறைத் தோட்டத்து வழியாகவே வீட்டுக்குப் போனார்கள்.